மோடாஃபினில் உடம்புக்குள்ள என்னதான் பண்ணுது? (நார்கோலெப்ஸி, நைட் ஷிப்ட், கூட சாப்பிடற மத்த மாத்திரைகள்)

சாரல்மழை
எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர் பக்கம் எனக்கு. காலேஜ் படிக்கறப்பவே கிளாஸ்ல தூங்கி விழுவேன், எல்லாரும் சோம்பேறின்னுதான் சொன்னாங்க. அம்மா ரத்தம் கம்மியா இருக்கும்னு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமா குடுத்துப் பாத்தாங்க, தைராய்டு டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல். அப்புறம் சிரிச்சா உடம்பு தளர ஆரம்பிச்சுது. போன பொங்கலுக்கு தம்பி ஏதோ சொல்லி சிரிக்க வெச்சான், கையில இருந்த சாம்பார் கரண்டி தானா நழுவுது, முட்டி மடங்கி அடுப்படியிலயே உக்காந்துட்டேன், நினைவு பூராவும் இருக்கு, எல்லாரும் கத்தறது காதுல விழுது, ஆனா தலையத் தூக்க முடியல, வாயத் திறக்க முடியல. வலிப்புன்னு பயந்துட்டு நியூராலஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவர் கேட்ட மொத கேள்வியே "சிரிக்கறப்பதான் வருதா?"ன்னுதான். அப்புறம் ஸ்லீப் லேப்ல ராத்திரி ஒரு டெஸ்ட், மறுநாள் பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா படுக்க வெச்சு எவ்வளவு நேரத்துல தூங்கறோம்னு பாக்கற டெஸ்ட். பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்ற நரம்பு நோய், நார்கோலெப்ஸி டைப் 1ன்னு சொல்லிட்டாங்க.

பகல்ல முழிப்பா இருக்க மோடாஃபினில்னு மாத்திரை குடுத்தாங்க, 100 எம்ஜில ஆரம்பிச்சு இப்ப 200, காலைல ஒண்ணு. வேலை செய்யுதுங்க, மத்தியானம் ஸ்கூட்டர்ல வர்றப்ப கண்ணு சொக்கறது இல்ல. ஆனா தலைவலி வருது, சிரிச்சா தளர்றதும் அப்படியேதான் இருக்கு. டாக்டர்கிட்ட விளக்கமா கேக்கலாம்னா வெளிய அத்தனை பேர் டோக்கன் வெச்சுட்டு நிக்கறாங்க. இந்த மாத்திரை உள்ள போயி என்ன பண்ணுது, காபி மாதிரியா, இல்ல போதை மாத்திரை வகையா, ரொம்ப நாள் சாப்பிட்டா பழகிடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓஎம்ஆர்_ஆந்தை
வணக்கம் சகோ. நான் அமெரிக்க டைமிங்ல வேலை பாக்கறேன், நைட் ஷிப்ட். எங்க டீம்ல நாலஞ்சு பேர் இத சாப்பிடறாங்க, நானும் சாப்பிடறேன், எனக்கு நோய் எதுவும் கிடையாது. சும்மா சூப்பர் காபி மாதிரிதான், பயப்பட ஒண்ணும் இல்ல.

மருந்துப்பெட்டி
சாரல், நல்ல கேள்வி கேட்டிருக்கம்மா. நான் ஆஸ்பத்திரில கிளினிக்கல் பார்மசிஸ்ட், டாக்டர் எழுதற மருந்துல ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பாக்கறதுதான் என் வேலை. டோஸ் மாத்தற விஷயம் உங்க டாக்டர்கிட்டதான், மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் நான் சொல்றேன்.

மொதல்ல உங்க நோய். மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி, அதுல ஒரெக்சின்னு ஒரு பொருளை சுரக்கற செல்கள் கொஞ்சம் இருக்கு, மூளை முழுக்க இருக்கற கோடிக்கணக்கான செல்லோட பாத்தா ஒரு லட்சம்கூட தேறாது. ஆனா முழிச்சிருக்கற நிலைய கலையாம பிடிச்சு வெக்கறது அதுதான். டைப் 1 நார்கோலெப்ஸில அந்த செல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போயிருக்கும். ஒரெக்சின்னு ஒண்ணு இருக்குன்னே 1998லதான் கண்டுபிடிச்சாங்க, நார்கோலெப்ஸி இருக்கற மனுஷங்களுக்கு அது இல்லன்னு 2000ல உறுதியாச்சு. அதனால உங்கள சோம்பேறின்னு சொன்னவங்க யாரா இருந்தாலும் சரி, அது சோம்பேறித்தனம் இல்ல, மூளையில ஒரு குறிப்பிட்ட செல் கூட்டம் இல்லாம போனதுன்னு நேராவே சொல்லுங்க.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவுல இருக்கற சுவர் உங்களுக்கு உறுதியா இல்ல. கனவு வர்ற தூக்கத்துல நம்ம தசையெல்லாம் தானா தளர்ந்து கிடக்கும், கனவுல ஓடறோம்னு நெசமாவே எந்திரிச்சு ஓடிடக் கூடாதுங்கறதுக்காக. அந்தத் தளர்ச்சி மட்டும் தனியா பகல்ல, நீங்க முழிச்சிருக்கறப்ப, சிரிப்பு வந்ததும் நுழைஞ்சிடுது. அதத்தான் கேட்டாப்ளெக்ஸின்னு சொல்றாங்க. மோடாஃபினில் அதுக்கான மருந்தே இல்ல. அது தூக்கக் கலக்கத்துக்கு மட்டும். கேட்டாப்ளெக்ஸிக்கு வெண்லாஃபாக்சின் மாதிரி சில மருந்து தருவாங்க, அடுத்த தடவை போறப்ப "கரண்டி நழுவுது, முட்டி மடங்குது, வாரத்துக்கு இத்தனை வாட்டி"ன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, சிம்பிளா "பரவால்ல சார்"னு சொல்லிட்டு வந்துடாதீங்க.

கெமிஸ்ட்ரிபையன்
அக்கா நோயப்பத்தி சொல்லிட்டாங்க, நான் மருந்தப்பத்தி சொல்றேன், எம்.பார்ம் பண்றேன், ஃபார்மகாலஜி எனக்கு உயிரு.

இந்த மருந்து பிரான்ஸ்ல பொறந்தது. லஃபோன்னு ஒரு கம்பெனி 1970கள்ல அட்ராஃபினில்னு ஒண்ணு செஞ்சாங்க, குடுத்த மிருகமெல்லாம் தூங்காம திரிஞ்சுது. அந்த அட்ராஃபினில் உடம்புக்குள்ள போயி எதுவா மாறுதுன்னு பாத்தா அதுதான் மோடாஃபினில். லியோன் நகரத்துல தூக்க ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த மிஷேல் ஜுவே அத நார்கோலெப்ஸி நோயாளிங்களுக்கு குடுத்துப் பாத்தார். அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 1998 டிசம்பர்ல நார்கோலெப்ஸிக்கு அனுமதி குடுத்துது, 2004ல நைட் ஷிப்ட் தூக்கக் கோளாறுக்கும், ஸ்லீப் ஆப்னியாவுக்கு (தூக்கத்துல மூச்சு அடைபடற கோளாறு) மெஷின் போட்டும் மீதி இருக்கற தூக்கக் கலக்கத்துக்கும் சேத்துக் குடுத்துது.

இப்ப எப்படி வேலை செய்யுதுன்னா, மூளையில விழிப்பையும் உற்சாகத்தையும் கூட்டற டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. மார்க்கெட்டுக்கு வந்து ரொம்ப வருஷம் வரைக்கும் "இது டோபமைன தொடாது, புது வகை"ன்னு பேசிட்டு இருந்தாங்க. 2001ல எலில ஒரு சோதனை. டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர், அதாவது நரம்பு முனையில இருந்து வெளிய வந்த டோபமைன திரும்ப உள்ள இழுத்துக்கற புரதம், அதுவே இல்லாம வளர்த்த எலிங்களுக்கு மோடாஃபினில் குடுத்தா விழிப்பு வரவே இல்ல, சும்மா இருக்கு. அப்ப மருந்து வேலை செய்யறதே அந்த புரதத்து மேலதான்னு தெரிஞ்சுது. மனுஷங்கள்ல 2009ல நோரா வோல்கோ குழு பெட் ஸ்கேன்ல பாத்தாங்க, ஆரோக்கியமான 10 ஆம்பளைங்களுக்கு 200, 400 எம்ஜி குடுத்து. டிரான்ஸ்போர்ட்டர்ல ஏறக்குறைய பாதிய மருந்து அடைச்சிடுது, டோபமைன் கூடுது, போதை விஷயத்துல பேசப்படற நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியிலயும் கூடுது.

ஆம்ஃபெட்டமைன்னு ஒரு வீரியமான ஊக்க மருந்து இருக்கு, அது வேற. மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டு தண்ணி ஏத்தற மாதிரி அது செல்லுக்குள்ள இருக்கற டோபமைன வலுக்கட்டாயமா வெளிய தள்ளும். மோடாஃபினில் வெளிய போற குழாய பாதி மூடி வெக்குது, அவ்வளவுதான், அதனால மட்டம் மெதுவா ஏறுது. அது டிரான்ஸ்போர்ட்டர்ல ஒட்டற விதமும் கொகெய்ன் ஒட்டற விதமும் ஒண்ணில்ல, புரதத்தோட வேற ஒரு மடிப்பு நிலையில போயி உக்காருது. பிடிப்பும் பலவீனமானது. தண்ணில சரியா கரையாததால ஊசி போட்டுக்கவும் தோது இல்ல, மெதுவா ஏறறதால அந்த திடீர் கிக்கும் இல்ல. அதான் அடிமையாகிற ஆபத்து ஆம்ஃபெட்டமைன விட ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது, அமெரிக்கால அத கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியல்ல நாலாம் வகையில வெச்சிருக்காங்க.

சாரல்மழை
தம்பி ரொம்ப நல்லா சொன்னீங்க. ஒரு சந்தேகம், எனக்கு ஒரெக்சினே இல்லைன்னு அக்கா சொல்றாங்க, அப்ப மருந்து எப்படி வேலை செய்யுது?

கெமிஸ்ட்ரிபையன்
சூப்பர் கேள்வி. மோடாஃபினில் குடுத்தா ஒரெக்சின் செல்லும் சுறுசுறுப்பாகுது, மூளைய முழிப்பா வெக்கற ஹிஸ்டமினும் கூடுதுன்னு எலி ஆய்வுல இருக்கு. நம்ம சளி மாத்திரை ஹிஸ்டமின அடைக்கறதாலதான் தூக்கம் வருது இல்ல, அதே ஹிஸ்டமின்தான். ஆனா ஒரெக்சின் வழியாத்தான் வேலை செய்யணும்னா உங்கள மாதிரி ஆளுங்களுக்கு மருந்து எடுபட்டிருக்கவே கூடாது. எடுபடுது. அப்ப ஒரெக்சின் கூடறது பக்கத்துல நடக்கற விஷயம், அடிப்படை டோபமைன்தான்னுதான் நான் படிக்கறேன். நார்அட்ரினலின்னு இன்னொரு மூளை ரசாயனத்தோட பங்கும் கொஞ்சம் இருக்கு.

காபி பத்தி கேட்டீங்க. முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துட்டே வரும், அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். காபில இருக்கற கேஃபீன் அந்த அடினோசின் உக்கார்ற இடத்த பிடிச்சுக்கும். மோடாஃபினில் அந்த இடத்துக்கே போறது இல்ல. ரெண்டுலயுமே சேந்தது சேந்தபடிதான் கிடக்கும், தூங்கினாத்தான் இறங்கும். ஆந்தை அண்ணன் சூப்பர் காபின்னு சொன்னது அதனால எனக்கு ஒப்பல.

ஓஎம்ஆர்_ஆந்தை
தம்பி புத்தகத்துல இருக்கறத சொல்றீங்க, நான் அனுபவத்துல சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு போட்டா விடியற வரைக்கும் மண்டை தெளிவா இருக்கு, ப்ரொடக்ஷன் இஷ்யூ வந்தாக்கூட பிடிச்சிடறேன். பகல்ல தூக்கம்தான் கொஞ்சம் சரியில்ல, நாலு மணி நேரம் வந்தா பெருசு, அதுக்கு இன்னொரு மாத்திரை இருக்கே.

மருந்துப்பெட்டி
தம்பி ஆந்தை, நீங்க எழுதினதுலயே விடை இருக்கு, கோவிச்சுக்காம கேளுங்க.

இந்த மருந்து வாயில போட்டா 2 லருந்து 4 மணி நேரத்துல ரத்தத்துல உச்சத்துக்கு வரும். சாப்பாட்டோட போட்டா இன்னும் ஒரு மணி நேரம் தள்ளும், உள்ள போற அளவு குறையாது. பாதியா குறையறதுக்கு சுமார் 15 மணி நேரம். நீங்க ராத்திரி 2 மணிக்கு போடறீங்க, உச்சம் காலைல 4, 6 மணி, அதாவது கேப்ல ஏறி வீட்டுக்கு வர்ற நேரம். சாயங்காலம் அஞ்சாறு மணிக்கும் பாதி மருந்து ரத்தத்துல ஓடிட்டு இருக்கும். பகல் பத்து மணிக்கு கர்ட்டன் போட்டு படுத்தா எங்க தூக்கம் வரும்? நைட் ஷிப்ட் கோளாறுக்கு எழுதறப்ப ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு எழுதறதுக்குக் காரணமே இதுதான், தூக்கம் வந்தப்புறம் போடறது இல்ல. அப்படி நேரத்தோட போட்ட ஆய்வுல பகல் தூக்கம் பெருசா கெடலைன்னுதான் பாத்தாங்க. நீங்க நேரத்த மாத்திட்டு, அதனால கெட்ட தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை போடறீங்க. அது என்ன மாத்திரை?

ஓஎம்ஆர்_ஆந்தை
டயசிபாம்க்கா. ஃப்ரெண்ட் குடுத்தான்.

மருந்துப்பெட்டி
பயந்துட்டே கேட்டேன், அதேதான். மோடாஃபினில் லிவர்ல சிஒய்பி 2சி19னு ஒரு என்சைம அமுக்கும். டயசிபாம் உடைஞ்சு வெளியேறறதுல அந்த என்சைமுக்கு பெரிய பங்கு. அப்ப டயசிபாம் வழக்கத்த விட அதிக நேரம் உடம்புல தங்கும், ஏற்கெனவே ரொம்ப நேரம் தங்கற மருந்து அது. ராத்திரி வேலைக்கு வர்றப்ப அந்த மந்தம் மீதி இருக்கும், அது போகறதுக்கு நீங்க மறுபடி மோடாஃபினில் போடுவீங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டே போகும். டயசிபாம திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து, தினமும் எடுக்கறதா இருந்தா ஒரு டாக்டர்கிட்ட போயி சொல்லி மெதுவா குறைங்க. சொல்றதுக்கு கூச்சப்பட வேண்டாம், நாங்க தினம் பாக்கறதுதான்.

வார்டுவிளக்கு
நான் ஸ்டாஃப் நர்ஸ், மதுரை. நைட் டூட்டில மூணு மணிக்கு மேல வர்ற அசதி எப்படின்னு எனக்குத் தெரியும், ட்ரிப் செட்ல சொட்டு எண்ணிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு இருட்டிக்கிட்டு போகும், எண்ணின எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி மொதல்ல இருந்து எண்ணணும். அதனால ஆந்தை தம்பிய நான் குறை சொல்ல மாட்டேன், அவரு மேல தப்பில்ல, ஷிப்ட் அப்படி. ஆனா நைட் ஷிப்டுக்கு இது நெசமாவே எவ்வளவு உதவுதுன்னு யாராவது நம்பர் சொல்லுங்களேன், கேட்டு வெச்சுக்கிறேன்.

கெமிஸ்ட்ரிபையன்
அக்கா, 2005ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுதான் இதுல முக்கியம். நைட் ஷிப்ட் கோளாறு இருக்கற 209 பேர், மூணு மாசம், பாதிப் பேருக்கு 200 எம்ஜி, பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ராத்திரில படுக்க வெச்சா எவ்வளவு நிமிஷத்துல தூங்கறாங்கன்னு பாத்தாங்க. ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம். மருந்து எடுத்தவங்களுக்கு அது சராசரியா 1.7 நிமிஷம் கூடுச்சு. அவ்வளவுதான்! நாலு நிமிஷம்கூட முழுசா வரல. நல்லா தூங்கின ஆளுக்கு பகல்ல பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். நார்கோலெப்ஸிக்கு வெச்சிருக்கற எல்லையே எட்டு நிமிஷம். அதாவது மருந்து போட்டப்புறமும் அவங்க அசாத்தியமான தூக்கக் கலக்கத்துலதான் வேலை பாத்தாங்க. கட்டுரை எழுதினவங்களே அத ஒளிக்காம சொல்லியிருக்காங்க.

அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஒரு பக்கமா பேசக் கூடாது. வீட்டுக்கு திரும்பற வழியில விபத்து, இல்ல நூலிழையில தப்பினதுன்னு சொன்னவங்க வெத்து மாத்திரை கூட்டத்துல 54 சதவீதம், மருந்து கூட்டத்துல 29 சதவீதம். இது சின்ன விஷயம் இல்ல.

வார்டுவிளக்கு
54 சதவீதமா. ஸ்கூட்டில வீட்டுக்குப் போற எங்க பிள்ளைங்களத்தான் நினைச்சுக்கிறேன். இனிமே டூட்டி முடிஞ்சதும் ரெஸ்ட் ரூம்ல ஒரு இருபது நிமிஷம் படுத்துட்டு கிளம்புங்கன்னு சொல்லப் போறேன்.

தேம்ஸ்கரை
வணக்கம், நான் லண்டனில இருக்கிறன், யாழ்ப்பாணம். எனக்கும் நார்கோலெப்ஸிதான், கன வருசமா மோடாஃபினில் எடுக்கிறன். இஞ்ச ஐரோப்பாவில நைட் ஷிப்டுக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் இத குடுக்கிறதை விட்டிட்டினம். 2010இல ஐரோப்பிய மருந்து முகமை எல்லாத்தையும் திருப்பிப் பாத்து, நார்கோலெப்ஸிக்கு மட்டும்தான் நன்மை ஆபத்தை விடக் கூட எண்டு முடிவெடுத்தது. தோல்ல வாற கடும் ஒவ்வாமை, மனநிலைப் பிரச்சினை, இதயம், இதெல்லாம் பாத்துத்தான். எனக்கு தொடங்க முன்னம் ஈசிஜி எடுத்தவை, பிறகும் ஒவ்வொரு முறையும் பிரஷர் பாக்கினம். சாரல் தங்கச்சி, உங்களுக்கு ஈசிஜி எடுத்தவையோ?

சாரல்மழை
இல்லீங்கண்ணா, பிபி மட்டும் பாத்தாங்க. அடுத்த தடவை கேக்கறேன்.

மருந்துப்பெட்டி
கேளுங்க, பத்து நிமிஷ வேலை. மைட்ரல் வால்வு கோளாறு இருக்கறவங்க, முன்னாடி ஊக்க மருந்து சாப்பிட்டு நெஞ்சுவலி, படபடப்பு வந்தவங்க, இவங்களுக்கு இத தவிர்க்கறதுதான் முறை.

இன்னொண்ணு, இத நான் எல்லா இளம்பெண்களுக்கும் சொல்றது, சாரல் உங்களுக்கு கல்யாணம் ஆயிருக்கா இல்லையான்னு நான் கேக்கல, ஆனா படிக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். மோடாஃபினில் லிவர்ல 3ஏ4ங்கற என்சைம கூட்டிவிடும். கருத்தடை மாத்திரையில இருக்கற ஈஸ்ட்ரோஜன அந்த என்சைம்தான் உடைக்குது. அப்ப கருத்தடை மாத்திரை தினமும் தவறாம சாப்பிட்டாலும் அளவு பத்தாம போயிடும். ஊசி, இம்ப்ளான்ட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மோடாஃபினில் நிறுத்தினப்புறமும் ஒரு மாசம் இந்த விளைவு இருக்கும்னு கணக்கு. காப்பர் டி, காண்டம், இதெல்லாம் பாதிக்காது. இது ஏன் முக்கியம்னா 2019ல ஐரோப்பாவுலயும் கனடாவுலயும், கர்ப்ப காலத்துல மோடாஃபினில் எடுத்தா குழந்தைக்கு பிறவிக் குறைபாடு வர வாய்ப்பு கூடுதுன்னு எச்சரிக்கை விட்டாங்க. ஒரே மாத்திரை கருத்தடையவும் கெடுத்து, கருவுக்கும் ஆபத்தா இருக்கு. ரெண்டையும் எழுதறது வேற வேற டாக்டர், கேக்கறது யாருமே இல்ல. எனக்கு இதுதான் ரொம்ப ஆத்திரமா வர்ற இடம். நரம்பு டாக்டர் சீட்டுல கருத்தடை மாத்திரை இருக்காது, மகப்பேறு டாக்டர் சீட்டுல மோடாஃபினில் இருக்காது, மருந்துக் கடையில ரெண்டையும் வேற வேற நாள்ல வாங்குவாங்க.

சாரல்மழை
அக்கா, ஆச்சு, ஆறு மாசம் கழிச்சு குழந்தை பத்தி யோசிக்கலாம்னு இருந்தோம், அது வரைக்கும் மாத்திரைதான் சாப்பிட்டுட்டு இருக்கேன். இத யாருமே எனக்கு சொல்லலீங்க. நாளைக்கே போன் பண்றேன்.

மருந்துப்பெட்டி
நாளைக்கே பண்ணும்மா. மோடாஃபினில நீங்களா நிறுத்திட்டு வண்டி ஓட்டாதீங்க, அதுவரைக்கும் கூட ஒரு பாதுகாப்பு முறை வெச்சுக்கோங்க, ரெண்டு டாக்டர்கிட்டயும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க. குழந்தைக்கு திட்டமிடறப்ப மருந்த எப்ப, எப்படி நிறுத்தறது, அந்த மாசங்கள்ல பகல்ல குட்டித் தூக்கம் போட ஆபீஸ்ல எப்படி ஏற்பாடு பண்றதுன்னு முன்னாடியே பேசி வெக்கணும்.

ரெண்டுபிள்ளைஅம்மா
என் பெரியவனுக்கு 13 வயசு, படிப்புல கவனம் இல்லைன்னு ஏடிஹெச்டி மாதிரின்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க இந்த மாத்திரை நல்லதுன்னாங்க, குடுக்கலாமா?

மருந்துப்பெட்டி
வேண்டாம்மா. அமெரிக்காவுல குழந்தைங்க ஏடிஹெச்டிக்கு இத அனுமதிக்கணும்னு கேட்டு விண்ணப்பம் போச்சு, 2006ல எஃப்டிஏ மறுத்துடுச்சு. ஆய்வுல ஒரு பிள்ளைக்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன்னு சந்தேகப்படற அளவுக்கு தோல் பாதிப்பு வந்ததுதான் முக்கியக் காரணம். அது தோலும் வாய்க்குள்ள சவ்வும் வெந்து உரியற மாதிரி ஆகற நோய், உயிருக்கே ஆபத்து. பெரியவங்களுக்கு ரொம்ப அபூர்வம், ஆனா யாரா இருந்தாலும் மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல உடம்புல தடிப்பு, வாய்ப்புண், கண்ணு சிவப்பு, காய்ச்சல் வந்தா அடுத்த மாத்திரை போடாம நேரா ஆஸ்பத்திரிக்கு போகணும். பையனுக்கு குழந்தைகள் மனநல டாக்டர்கிட்ட முறையா பாத்து, ஏடிஹெச்டிதானான்னு உறுதி பண்ணுங்க. ராத்திரி எத்தனை மணிக்கு தூங்கறான், குறட்டை விடறானான்னும் அவர்கிட்ட சொல்லுங்க.

குரூப்ஒன்_கனவு
நான் டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன். டெலிகிராம்ல இத படிப்பு மாத்திரைன்னு விக்கிறாங்க. நோய் இல்லாதவங்க சாப்பிட்டா ஞாபக சக்தி கூடுமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க.

கெமிஸ்ட்ரிபையன்
2015ல ஆரோக்கியமான ஆளுங்கள வெச்சு நடந்த 24 ஆய்வுகள சேத்துப் பாத்த ஒரு கட்டுரை வந்துச்சு. திட்டமிடறது, முடிவெடுக்கறது மாதிரி சிக்கலான வேலைல ஓரளவு உதவி, ஞாபக சக்தில நிலையான பலன்னு சொல்ற அளவுக்கு இல்ல. அதுவும் நல்லா தூங்கின ஆளுங்களுக்கு.

தூங்காத ஆளுக்கு என்னாகும்னு கனடா ராணுவத்துல பாத்தாங்க. 41 பேர், 64 மணி நேரம் தூங்காம வேலை. சிலருக்கு மோடாஃபினில் 300, சிலருக்கு ஆம்ஃபெட்டமைன் 20, சிலருக்கு வெத்து. விழிப்புல மோடாஃபினிலும் ஆம்ஃபெட்டமைனும் ஏறக்குறைய சமமா நின்னுது. ஆனா மோடாஃபினில் எடுத்தவங்க "நான் சரியாத்தான் பண்றேன்"னு நினைச்ச அளவுக்கு சரியா பண்ணல, தன்னம்பிக்கை மட்டும் கூடிப்போச்சு. பரீட்சைல நெகட்டிவ் மார்க் இருக்கற தாள்ல இது எங்க கொண்டு போயி விடும்னு நீங்களே யோசிங்க. அப்புறம் படிச்சது மூளையில பதியறதே தூக்கத்துலதான், அத வெட்டிட்டு படிச்சு என்ன பலன்?

அப்புறம் டெலிகிராம்ல வாங்கறது உள்ள என்ன மாவு இருக்குன்னு தெரியாத சரக்கு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து இது. நீங்க போலீஸ் செலக்ஷனுக்கு ஓடறவங்களா இருந்தா, இல்ல மாநில அளவுல தடகளத்துல இருந்தா இன்னும் கவனம், ஊக்க மருந்து தடைப் பட்டியல்ல இருக்கு. 2003 பாரிஸ் உலக தடகளப் போட்டில 100 மீட்டர், 200 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கின கெல்லி ஒயிட் இதுலதான் மாட்டினாங்க, பதக்கம் போயிடுச்சு.

ஓஎம்ஆர்_ஆந்தை
அக்கா, நேத்து நீங்க எழுதினத படிச்சிட்டு டயசிபாம் விஷயம் டாக்டர்கிட்ட சொல்றதுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன். ஒரு கேள்வி, எனக்கு அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல் தினமும் உண்டு, அதுவும் சிக்கலா?

மருந்துப்பெட்டி
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒமிப்ரசோலும் அதே 2சி19 வழியாத்தான் உடையுது, அதனால அதோட அளவும் ரத்தத்துல கூடும். ஒமிப்ரசோல் கூடறதால உடனே பெரிய ஆபத்து இல்ல, ஆனா டாக்டர்கிட்ட சொல்ற லிஸ்ட்ல அதையும் சேத்துக்கோங்க. நெசமா கவலைப்பட வேண்டியது வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுக்கறவங்க, அது கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம் வந்துடும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்களுக்கு ரத்த டெஸ்ட அடிக்கடி பாக்கணும். கிட்னி மாத்தினவங்க எடுக்கற சைக்ளோஸ்போரின் குறைஞ்சிடும், அது ரொம்ப பெரிய விஷயம். எதிர்ப்பக்கமும் இருக்கு, டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசிபின் எடுத்தா மோடாஃபினிலே சீக்கிரம் உடைஞ்சு வேலை செய்யாம போகலாம். லிவர் ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு பாதி டோஸ்தான், ஏன்னா இந்த மருந்துல பத்துல ஒம்போது பங்கு லிவர்லதான் கழியுது, மாறாம சிறுநீர்ல போறது பத்து சதவீதத்துக்கும் கம்மி.

இன்னொண்ணும் கேக்கணும். நீங்க குறட்டை விடறீங்களா, தூங்கி எந்திரிச்சும் தலை பாரமா இருக்கா? ஷிப்ட்னால வர்ற அசதின்னு நினைச்சுட்டு உள்ள ஸ்லீப் ஆப்னியா இருக்கற ஆளுங்கள நான் நிறைய பாத்திருக்கேன். மாத்திரை கண்ண திறந்து வெச்சிடும், தூக்கத்துல மூச்சு அடைபடறத அது சரி பண்ணாது, ஆக்சிஜன் இறங்கறது இறங்கிட்டேதான் இருக்கும்.

ஓஎம்ஆர்_ஆந்தை
குறட்டை பயங்கரமா விடுவேன்னு ரூம்மேட் சொல்வான். அதையும் எழுதிக்கறேன்க்கா.

தேம்ஸ்கரை
சாரல் தங்கச்சி, பழகிடுமோ எண்டு கேட்டதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. எனக்கு தொடங்கின காலத்தில இருந்து அதே டோஸ்தான், இப்பவும் வேலை செய்யுது. தலையிடி முதல் கொஞ்சக் கிழமைதான் கடுமையா இருந்தது, பிறகு தணிஞ்சுது. தண்ணி நல்லாக் குடியுங்கோ, சாப்பிடாம போடாதேங்கோ, பசி குறையும் எண்டதால காலமைச் சாப்பாட்ட விட்டிடுவம்.

கெமிஸ்ட்ரிபையன்
ஆமா, தலைவலிதான் ஆய்வுகள்ல முதலிடம், மருந்து எடுத்தவங்கள்ல 34 சதவீதம், வெத்து மாத்திரை எடுத்தவங்கள்லயே 23. டோஸ 200ல இருந்து 400க்கு ஏத்தினா கூடுதல் பலன் நிலையா வரும்னு ஆதாரம் இல்ல, பக்க விளைவு கூடும், அதனால தானா ஏத்திடாதீங்க.

சாரல்மழை
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கடைசியா ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மறுபடி சொக்குது. ஆர்மோடாஃபினில்னு ஒண்ணு இருக்காம்ல, அது மாத்தினா நிக்குமா?

மருந்துப்பெட்டி
மோடாஃபினில்ல வலது கை, இடது கை மாதிரி ரெண்டு வடிவம் கலந்து இருக்கு. ஒண்ணு நாலஞ்சு மணி நேரத்துலயே பாதியாகிடும், இன்னொண்ணுதான் 15 மணி நேரம் நிக்கறது. ஆர்மோடாஃபினில்னா அந்த நின்னு பேசற வடிவம் மட்டும், 2007ல அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு, நம்ம ஊர்லயும் கிடைக்குது. 150 எம்ஜி போட்டா மத்தியானத்துக்கு மேல ரத்தத்துல அளவு கொஞ்சம் கூடுதலா இருக்கும். உங்களுக்கு அது ஒத்துக்கலாம். ஆனா கருத்தடை விஷயம், கர்ப்ப விஷயம் ரெண்டுக்கும் அதுவும் இதே மருந்துதான், மாத்தினதால தப்பிச்சோம்னு இல்ல. சில டாக்டர்ங்க மாத்திரைய மாத்தாம காலைல ஒரு பங்கு, மத்தியானம் ஒரு பங்குன்னு பிரிச்சுக் குடுப்பாங்க, மத்தியான பங்கு ஒரு மணிக்கு மேல தள்ளினா ராத்திரி தூக்கம் கெடும். அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அலாரம் வெச்சு ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் படுங்க. நார்கோலெப்ஸில அந்த குட்டித் தூக்கம் நல்லாவே தெளிவு குடுக்கும்.

சாரல்மழை
ஆபீஸ்ல படுக்க இடம் இல்லீங்கக்கா, ஆனா எச்ஆர்கிட்ட டாக்டர் லெட்டரோட கேட்டுப் பாக்கறேன். மகப்பேறு டாக்டருக்கு வெள்ளிக்கிழமை டோக்கன் கிடைச்சிருக்கு, ரெண்டு சீட்டையும் எடுத்து பைல வெச்சுட்டேன். என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதறேன்.